அன்னபூரணியைக் கொண்டு சேர்த்தவர்கள்

ஸ்டெர்லிங் ஹேடன் என்னும் ஹாலிவுட் நடிகரை நம்மில் பலர் பெயர் அறியாமலேயே பார்த்திருக்கிறோம். ‘தி காட்ஃபாதர்’ படத்தில், உணவகத்து மேசையருகே அல் பசீனோவின் துப்பாக்கிக்கு இரையாகும் ஊழல் காவல் அதிகாரி அவர்தாம். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எதைப் புரட்டினாலும், நடிக்க வருவதற்கு முந்தைய பகுதியில் ஒரு செய்தி ஏறக்குறைய மாறாமல் வருகிறது. 1938இல், 22 வயதில், ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்னும் இருபாய்மரக் கப்பலை மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து டஹிடித் தீவு வரை 7,700 மைல் செலுத்திச் சென்றார். அதுவே அவர் தலைமையேற்ற முதல் கப்பல்.

அந்தக் கப்பல் குளோஸ்டரில் கட்டப்பட்டதன்று. அமெரிக்காவிலேயே கட்டப்பட்டதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறையில், 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் அன்னபூரணி அம்மாள். நீளம் 89 அடி. அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஐந்து கடலோடிகள் அதனை ஏடன், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அட்லாண்டிக்கின் மறுகரைக்குக் கொண்டு சேர்த்தார்கள். 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அது குளோஸ்டரை அடைந்தது. ஆக, ஹேடனின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக நிற்கும் பயணம், அந்தக் கப்பலைப் பொறுத்தவரை அதே ஆண்டில் நிகழ்ந்த இரண்டாம் ஒப்படைப்பு. முதல் ஒப்படைப்பு அந்தக் குறிப்புகளில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்று நடிகரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவோரிடம் கேட்பதும் முறையன்று. என் அக்கறை வேறு. ஒரே கப்பல், இரு பயணங்கள். ஒன்று ‘தலைமை’ என்ற சொல்லைப் பெற்றது. மற்றது ‘மாலுமிகள்’ என்ற சொல்லோடு நின்றுபோனது. இந்த வேறுபாடு எங்கிருந்து பிறந்தது?

பயன்படுத்தப்பட்ட பாய்க்கலம் ஒன்றை வாங்கியவரிடம் அதனைக் கொண்டு சேர்ப்பது இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித் தொழிலாகவே நடக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள். கலத்தை வாங்கப் பணம் இருக்கும். அதனோடு பெருங்கடலைக் கடக்கும் பயிற்சி இராது. காப்பீட்டு நிறுவனமும் அனுபவமுள்ள ஒருவர் பெயரைக் கேட்கும். ஆகவே ஊதியத்திற்கு ஒரு தலைவரை அமர்த்துவார்கள். சில வேளைகளில் உரிமையாளரும் கற்றுக்கொள்ளும் பொருட்டு உடன் செல்வார். அப்பயணத்தில் ஒரு விந்தையான உறவு உருவாகிறது. கலம் யாருடையதோ அவர் கற்பவர். கலம் யாருடையதன்றோ அவர் ஆணையிடுபவர். துறைமுகத்தில் இறங்கியதும் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

ராபின்சனை அனுபவமற்ற உரிமையாளர் என்று சொல்ல முடியுமா என்ற ஐயம் உடனே எழும். 1928 முதல் 1931 வரை, 32 அடிக்குச் சற்றே மிகுந்த ‘ஸ்வாப்’ என்னும் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். (அப்பெயர் வடமொழியில் கனவைக் குறிப்பது, அமெரிக்கப் படகொன்றுக்கு இப்பெயர் வாய்த்ததே சுவையான செய்தி.) அப்பயணம் பற்றி 1932இல் அவர் வெளியிட்ட நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. 1934இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடியபோது, பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை விமானங்கள் மருத்துவரைக் கொண்டுவந்து காப்பாற்றிய செய்தியும் அந்நாட்களில் பேசப்பட்டது. ஆகவே கடல் அவருக்குப் புதிதன்று.

ஆனால் கடலில் அனுபவம் என்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட கப்பலில் அனுபவம் என்பது மற்றொன்று. பழைய கலம் ஒன்றை வாங்கும் எவரும், எத்துணைத் தேர்ந்தவராயினும், அந்தக் கலத்தைப் பொறுத்தவரை முதல் நாளில் புதியவரே. பாய்மரக் கப்பல்களைப் பற்றிய நம் எழுத்துகளில் இந்த எளிய உண்மைக்குப் போதிய இடமில்லை. மரக்கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒழுகும் இடம் தனி. எந்தப் பலகை மூட்டு வெயிலில் வாய்திறக்கும், நீரில் எத்தனை நாள் கிடந்தால் ஊறித் தானே மூடும், எந்தப் பக்கம் காற்றடித்தால் அடித்தளத்து நீர் இறைப்பானுக்கு எட்டாமல் ஒதுங்கும், பாய் எவ்வளவு விரிந்தால் சுக்கான் கையை இழுக்கத் தொடங்கும், வெறுங்கப்பலாகச் செல்லும்போது அடிப்பாரம் எங்கே எவ்வளவு வேண்டும் என்பன எந்த விற்பனைப் பத்திரத்திலும் இரா. கயிறும் அப்படித்தான். நம் கரைகளின் கப்பல்களில் புழங்கிய தென்னங்கயிறு உப்புநீரைத் தாங்கும். மழைநீரில் நனைத்துச் சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் அழுகும். மணிலாக் கயிற்றில் பழகிய கைக்கு அதன் இழுபடும் தன்மை முதலில் பிடிபடாது.

வாங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு நூல் உண்டு. 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ ஏரா மரத்தின் அளவுகளையும், மரத்தில் காணும் பருக்கள் உரிமையாளனுக்கு விளைக்கும் நன்மை தீமைகளையும் சொல்கிறது. மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஏராவில் முடிச்சு விழுந்த மரம் உள்ளபடியே வலுக்குறைந்தது; அதைச் சோதிடமாகச் சொன்னால் வாங்குபவன் நினைவில் நிற்கும். எனினும் அந்த நூலின் கவனம் மரத்தின் மேலும் அளவின் மேலும் நாளின் மேலும் நிற்கிறதே தவிர, கட்டி முடித்த கப்பலோடு எப்படி வாழ்வது என்பதன் மேல் இல்லை. அது நூலின் குறையன்று. அந்த அறிவு சுவடியில் ஏறுவதில்லை, ஆளோடு செல்வது.

திருவனந்தபுரத்துக் கரையில் இதை இன்றும் காணலாம். விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் பழைய ஃபைபர் வள்ளங்கள் கைமாறுவது அன்றாட நிகழ்ச்சி. என் களப்பணியின்போது விழிஞ்ஞத்தில் ஒரு மூத்த மீனவரிடம், வள்ளம் வாங்கும்போது விலைக்கு மேல் எதைப் பேசி முடிப்பீர்கள் என்று கேட்டேன். தெற்கன் திருவிதாங்கூரின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அவர் சொன்னார்: “வித்தவன நாலு நாளு கூட வரச்சொல்லுவோம் மக்களே. வள்ளம் நம்ம கைக்கு வந்துரும். அதுக்க கொணம் அவனுக்கல்லா தெரியும்?” நான்கு நாள் என்பதை எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டியதில்லை. விற்றவனின் உடலிருப்பும் விலையின் ஒரு பகுதி என்பதே அதன் பொருள்.

இக்கரையில் கணிச்சம் என்றொரு முறையும் உண்டு. கடலடிப் பாரின் இருப்பிடத்தைக் கரையிலுள்ள மலைமுடி, கோயிற் கோபுரம், தேவாலய உச்சி ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்திக் கண்டறியும் முறை அது. இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். இதனை இப்போது சிலர் வரைபடமாகப் பதிவு செய்து வருகிறார்கள், வரவேற்கத்தக்க பணி. ஆயினும் வள்ளத்தை வாங்கியவருக்கு இந்தக் கோடுகள் உரிமையாவதில்லை.

இனி வல்வெட்டித்துறைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நோக்க அது தொலைதூரத்து ஊராகத் தோன்றும். ஆனால் கடல்வழி வணிகத்தில் யாழ்ப்பாணமும் திருவிதாங்கூரும் அயல் வீடுகள். யாழ்ப்பாணப் புகையிலைக்கு நெடுங்காலம் பெருஞ்சந்தையாக விளங்கியது திருவிதாங்கூரே. ‘ஜாப்பாணம் புகையில’ என்ற சொல்லை மலையாளத்து முதியோர் இன்றும் மறக்கவில்லை. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் தமிழகக் கரைக்கும், வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவின் அரிசித் துறைமுகங்களுக்கும் சென்று வந்தன. அன்னபூரணி என்ற பெயரே அரிசி ஏற்றும் கப்பலுக்குப் பொருத்தமானது. சோறிடும் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய கப்பல் பின்னர் உரிமையாளரின் மனைவி ஃபுளோரன்ஸ் கிரேனின் பெயரைத் தாங்கியது. புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டுவதும் வாங்கிய கப்பலின் பெயரை மாற்றுவதும் உரிமையாளரின் உரிமை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்பெயர் மாற்றமே, ஹேடனின் குறிப்பைப் படிக்கும் எவரும் வல்வெட்டித்துறையை நினைக்காமற் போவதற்கு முதற் காரணம்.

பெயரைப் போலவே வகையும் மாறியது. எங்கும் நாம் காண்பது மூன்று சொற்கள்: பிரிக், பிரிகன்டைன், ஸ்கூனர். இவை ஒன்றல்ல. பிரிக் என்றால் இரு மரங்களிலும் குறுக்குப் பருமல்களில் சதுரப் பாய் கட்டியது. பிரிகன்டைனில் முன்மரத்தில் மட்டும் சதுரப் பாய். பின்மரத்தில் நீளவாட்டுப் பாய். ஸ்கூனரில் பெரும்பாலும் நீளவாட்டுப் பாய்களே. ஒரே கப்பலைப் பற்றிய எழுத்துகளில் மூன்றும் வருவதைக் கண்டு ஆய்வாளர்கள் எரிச்சலடைவதுண்டு. எனக்கு அது ஒரு தடயமாகவே படுகிறது. ஐரோப்பிய வகைப்பாட்டின் எந்தப் பெட்டியிலும் முழுமையாக அடங்காத கலத்தை வாங்கியவர்களும் செய்தி எழுதியவர்களும் தத்தம் பெட்டிக்குள் அமர்த்த முயன்றதன் தடயம். வல்வெட்டித்துறையில் அது ‘கப்பல்’, அவ்வளவுதான்.

பாய்க்கட்டு ஏன் முதன்மையானது என்பதைப் பயணவழியை வைத்துக் காணலாம். இலங்கையிலிருந்து ஏடன் வரை வாடைக் காற்றின் பருவத்தில் செல்வது சதுரப் பாய்க் கப்பலுக்கு மகிழ்ச்சியான வேலை; காற்று பின்னிருந்தும் வலப்புறமிருந்தும் தள்ளும். செங்கடலின் தென்பாதியிலும் குளிர்காலத்தில் அந்தச் சலுகை ஓரளவு தொடரும். வடபாதியில் கதை மாறிவிடும். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் எதிர்த்து வீசுகிறது. சூயெஸ் நேர் எதிரே இருக்கிறது. சதுரப் பாய்க் கப்பல் காற்றின் திசைக்கு ஏறக்குறைய 67 பாகைக்கு மேல் நெருங்கிச் செல்ல இயலாது. ஆகவே இருபுறமும் பவளப்பார்கள் நிறைந்த அந்த ஒடுங்கிய கடலில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பருமல்களைச் சுழற்ற வேண்டும். தாமான் கயிறுகளை மாற்றிக் கட்ட வேண்டும். திருப்பம் தவறினால் பின்னோக்கி நழுவிப் பாரில் மோத நேரும். அதை ஒரு நாளில் பலமுறை, பல வாரங்கள் செய்ய வேண்டும். வரைபடத்தில் செங்கடல் ஒரு விரற்கடை. பாய்க்கப்பலின் நாட்குறிப்பில் அது ஒரு பருவம்.

மத்தியதரைக் கடலின் மேற்குநோக்கிய நெடுவழி பற்றி விரிக்க வேண்டியதில்லை. அங்கும் எதிர்க்காற்று உண்டு, குளிர்காலப் புயல் உண்டு. அட்லாண்டிக்கில் மட்டும், தெற்கே இறங்கி வணிகக் காற்றைப் பிடித்துவிட்டால், வங்காள விரிகுடாவில் பழகிய ஒருவருக்கு அக்கடல் அறிமுகமானதாகவே தோன்றியிருக்கும். 1937இல் தொடங்கிய பயணம் 1938 ஆகஸ்டில் முடிந்தது. அதற்கு ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 21ஆம் நாள், நியூ இங்கிலாந்துக் கரையை வரலாறு காணாத சூறாவளி ஒன்று தாக்கியது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; துறைமுகங்களில் நின்ற கலங்கள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. அன்னபூரணி வந்துசேர்ந்த நேரத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த ஏழு வாரம் நினைவுக்கு வருகிறது.

கப்பலில் இருந்த ஐவரின் பெயர்களை வல்வெட்டித்துறை மறக்கவில்லை: தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை சபாரத்தினம், பூபாலசிங்கம் சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி. பயணத்தின் தலைமை ஏட்டளவில் அமெரிக்கருடையது. ஏட்டளவில் என்று நான் சொல்வது ஏளனத்திற்காக அன்று. அட்லாண்டிக்கின் வரைபடங்கள், வான்கோணமானி, துறைமுக அதிகாரிகளோடு ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு, உரிமையாளருக்குக் கணக்குக் கொடுக்கும் கடமை ஆகிய எல்லாமே உண்மையான வேலைகள். அவற்றுக்கு ஒருவர் தேவை. ‘எங்கே போவது’ என்பதை ஒருவர் அறிந்திருந்தார். ‘இந்தக் கப்பலை எப்படிப் போகச் செய்வது’ என்பதை மற்றவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இவ்விரண்டில் முன்னதற்கு மட்டும் தலைமை என்று பெயர்.

இங்கேதான் ‘தண்டயல்’ என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. வல்வெட்டித்துறையில் தண்டயல் என்றால் கப்பலின் தலைவர். தூத்துக்குடித் தோணிகளில் அவரே தண்டல். குஜராத், மராட்டியக் கரைகளில் தண்டேல் என்பது கடலோடிக் குடும்பங்களின் குலப்பெயராகவே நிலைத்துவிட்டது. அண்மையில் வந்த தெலுங்குப் படமொன்றின் தலைப்பும் அதுவே. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதன் ஆங்கில வடிவமான ‘டிண்டல்’ என்பதை மலையாளத் ‘தண்டல்’, தெலுங்குத் ‘தண்டேலு’ ஆகியவற்றோடு இணைக்கிறது. ஆட்களின் தலைவர் என்பது மூலப்பொருள் என்று சொல்லிவிட்டு, நடைமுறையில் அது லாஸ்கர் மாலுமிகளின் சிற்றதிகாரியைக் குறிக்கிறது என்கிறது. பிரித்தானிய நீராவிக் கப்பல்களின் படிநிலையில் செராங்குக்குக் கீழே டிண்டல். அவருக்கும் கீழே பிறர். செராங்கே வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டவர்.

ஒரு சொல் கரையைவிட்டு ஆங்கிலக் கப்பலேறியதும் மூன்று படி இறங்கிவிட்டது. இறங்கியது சொல்லின் பொருள் மட்டும் அன்று. வல்வெட்டித்துறையில் ஒரு கப்பலையும் அதன் சரக்கையும் ஆட்களின் உயிரையும் தன் பொறுப்பில் கொண்டு பர்மா வரை போய்வந்த ஒருவர், அதே பட்டத்தோடு ஆங்கிலப் பதிவேட்டில் நுழையும்போது கொத்தன் கங்காணியைப் போன்ற ஒருவராகிவிடுகிறார். பொய் எழுதப்படவில்லை. சரியான சொல்லே எழுதப்பட்டது. அந்தச் சொல்லின் விலைதான் வேறு.

இதற்கு எதிர்வினையாக எழுந்த நம் எழுத்துகளிலும் எனக்கு நிறைவில்லை. அன்னபூரணியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் சோழர் கடற்படையிலிருந்து தொடங்கி, அட்லாண்டிக்கை வென்ற தமிழர் என்று முடிக்கிறார்கள். அந்த ஐவர் எதையும் வெல்லப் புறப்படவில்லை. விற்கப்பட்ட கப்பலொன்றை, வாங்கியவர் கேட்ட துறைமுகத்தில், முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலிவேலைக்குச் சென்றார்கள். அந்த வேலையின் கடினத்தை வீரமாக உருமாற்றும்போது, அதில் இருந்த தொழிலறிவு மறைந்துவிடுகிறது. வீரனுக்கு ஊதியமும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்ற தோற்றம் வேறு ஏற்படுகிறது. ஹேடனின் குறிப்பு எழுதுவோர் செய்ததை நாமும் வேறு வழியில் செய்கிறோம் என்றே கருதுகிறேன்.

ஹேடனுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் விளையாட்டாகக் கப்பலேறிய பணக்கார இளைஞர் அல்லர். ‘யாங்கி’ என்னும் ஸ்கூனரில் துணைத்தலைவராக உலகைச் சுற்றி வந்தவர். மீன்பிடிக் கப்பல்களில் உழைத்தவர். 1963இல் வெளியான ‘வாண்டரர்’ என்ற தன்வரலாற்று நூல் அவரைத் தேர்ந்த எழுத்தாளராகவும் காட்டியது. 22 வயதில் 7,700 மைல் என்பது எந்த அளவுகோலிலும் சிறிதன்று. ஆனால் அவர் ஏற்றுக்கொண்ட கப்பல், அட்லாண்டிக்கைக் கடந்து தன்னை மெய்ப்பித்துவிட்ட கப்பல். ஒழுகும் இடங்கள் தெரிந்துவிட்ட, கயிறுகள் சோதிக்கப்பட்ட கப்பல். பழைய கலத்தை வாங்குவோர் எல்லாரும் விரும்புவது இதைத்தான்: முந்தையவர் அதனோடு பட்ட பாடு தமக்கு மிச்சமாக வேண்டும்.

நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 2022–23இல் நடந்த கோல்டன் குளோப் உலகச்சுற்றுப் போட்டியில், கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 236 நாளில் உலகைச் சுற்றி இரண்டாமிடம் பெற்றார். அவர் செலுத்திய ‘பயானத்’ புதுப்படகன்று. அதற்கு முந்தைய போட்டியில் மார்க் ஸ்லாட்ஸ் என்னும் டச்சுக்காரர் இரண்டாமிடம் பெற்ற அதே ரஸ்லர் 36 வகைப் படகு. இரு மனிதர், ஒரே படகு, ஒரே இடம். இங்கே செய்திகள் படகின் முந்தைய வாழ்க்கையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. முந்தையவர் ஐரோப்பியர் என்பதால் என்று சொல்ல மாட்டேன். விளையாட்டுப் போட்டிக்குப் பதிவேடு உண்டு, கூலிப் பயணத்திற்கு இல்லை என்பதே நேர்மையான விளக்கம். ஆனால் எந்தப் பயணத்திற்குப் பதிவேடு வைக்கிறோம் என்பதும் தற்செயலன்று.

குளோஸ்டரில் இறங்கிய ஐவருக்கும் அந்நாட்டில் இருந்த நிலையையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அகலாங்கு நெட்டாங்குகளால் ஆசியாவைச் சுற்றி ஒரு தடைவேலி வரைந்தது; இந்தியாவும் இலங்கையும் அதற்குள். மாலுமியாக வந்து குறுகிய காலம் கரையிறங்கலாம், குடியேற முடியாது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் குடியுரிமையும் மறுக்கப்பட்டது. இந்தியருக்கு அந்தத் தடை தளர்ந்தது 1946இல்தான். கப்பல் அமெரிக்கருடையதாகிவிட்டது, அதன் பெயர் அமெரிக்கப் பெயராகிவிட்டது, வேறொரு கரையிலிருந்து வந்த மரமும் பாயும் அங்கே தங்கலாம். அவற்றைப் பற்றிய அறிவுக்கு மட்டும் வந்துபோகும் அனுமதி. விழிஞ்ஞத்து மூத்தவர் சொன்ன அந்த நான்கு நாள் ஏற்பாட்டைச் சட்டம் தன் மொழியில் இப்படி எழுதியிருந்தது.

அமெரிக்கத் துறைமுகங்களை அடையும் ஒவ்வொரு கப்பலும் தன்னிடமுள்ள அயல்நாட்டு மாலுமிகளின் பட்டியலை அச்சிட்ட படிவத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அக்கால விதி. அப்படிவத்தின் கட்டங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். பெயர், கடலில் பணியாற்றிய ஆண்டுகள், கப்பலில் வகிக்கும் பதவி, எங்கே, எப்போது சேர்க்கப்பட்டார், இத்துறையில் விடுவிக்கப்படுவாரா, படிக்கத் தெரியுமா, வயது, இனம், உயரம், எடை, உடலடையாளம். கடலில் கழித்த ஆண்டுகளுக்கு ஒரு கட்டம் இருப்பது ஆறுதலான செய்தி. இந்தக் கப்பலில் கழித்த ஆண்டுகளுக்குக் கட்டமில்லை.

குளோஸ்டரில் 1938 ஆகஸ்டில் தாக்கல் செய்யப்பட்டிருக்கக்கூடிய அந்தப் பட்டியலின் படியைக் கேட்டு ஆவணக் காப்பகத்திற்கு எழுதியிருக்கிறேன். தம்பிப்பிள்ளையின் பெயருக்கு நேரே, பதவி என்ற கட்டத்தில், மாலுமி என்று இருக்கிறதா, டிண்டல் என்று இருக்கிறதா, வேறு ஏதேனும் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படி கிடைத்ததும் இங்கே இடுகிறேன். வல்வெட்டித்துறை உறவினர்கள், தூத்துக்குடித் தோணிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் எவரேனும் இதைப் படித்தால், தங்கள் வீடுகளில் பழைய கப்பல் விற்பனைச் சீட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். விற்றவர் தன் தண்டயலையும் சில மாதம் உடன் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் எங்கேனும் உள்ளதா என்பதே எனக்குத் தெரிய வேண்டியது.